விரிசல்ல பட்டி அடிக்கறதுக்கு முன்னாடி: எதுக்கு மேஸ்திரி போதும், எதுக்கு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வேணும்

மழை ஓஞ்சு தை பொறந்துட்டா போதும், கடலூர்ல இருந்து பாண்டி வரைக்கும் தெருவுக்கு தெரு சாரம் கட்டி பட்டி பாக்க ஆரம்பிச்சிடுவாங்க, அதுல பாதி வீட்ல விரிசல் எதனால வந்துச்சுன்னே யாரும் கேக்கறதில்ல, பட்டி அடிச்சு பெயிண்ட்டு அடிச்சு மூடிடறாங்க, அடுத்த ஐப்பசியில அதே எடத்துல அதே கோடு திரும்ப வந்து நிக்கும். அப்புறம் மேஸ்திரி சரியா பண்ணலன்னு திட்டு. அவர் என்ன பண்ணுவாரு, அவரை கூப்பிட்டதே பூசறதுக்குத்தானே. விரிசலோட அகலம், சாய்வு, எந்தப் பக்கம் வாய் பொளந்திருக்கு, இதையெல்லாம் பாத்துதான் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் (கட்டடத்தோட பாரம், தெம்பை கணக்கு போடறவர்) காரணம் சொல்ல முடியும், அதை மூடிட்டீங்கன்னா அவர் வந்து நின்னாலும் பாக்கறதுக்கு ஒண்ணும் இருக்காது. பூச்சு எப்ப வேணா பூசிக்கலாம்.

கீழ அறிகுறி வாரியா எழுதியிருக்கேன், உங்க வீட்ல எது இருக்கோ அங்க நேரா போய் படிச்சுக்கோங்க. ஆனா அதுக்கு முன்னாடி எல்லாருக்கும் பொதுவா ஒரு வேலை இருக்கு.

முதல்ல பண்ண வேண்டியது

பென்சில் எடுத்து விரிசல் முடியற ரெண்டு நுனியிலயும் குறுக்க ஒரு கோடு போட்டு பக்கத்துல தேதி எழுதுங்க. அகலத்துக்கு ஸ்கேல் வெச்சு ஒரு போட்டோ, தள்ளி நின்னு முழு சுவரும் தெரியற மாதிரி ஒரு போட்டோ. ஏடிஎம் கார்டு இருக்குல்ல, அதோட கனம் முக்கால் மில்லிமீட்டர் சொச்சம், கார்டு ஓரம் விரிசலுக்குள்ள நுழையலன்னா அது பொடி விரிசல், சுலபமா நுழைஞ்சு ஆடுதுன்னா அகலத்தை அளந்து எழுதி வெச்சுக்கோங்க. சுவருக்கு அந்தப் பக்கமும் அதே எடத்துல கோடு இருக்கான்னு போய் பாக்கணும், இதை யாருமே பாக்கறதில்ல, ரெண்டு பக்கமும் இருந்தா அது பூச்சு விரிசல் இல்ல, செங்கல்லோட சேத்து வெடிச்சிருக்குன்னு அர்த்தம்.

இன்னும் நகருதான்னு தெரியணும்னா சின்ன கண்ணாடித் துண்டை விரிசலுக்கு குறுக்க வெச்சு ரெண்டு முனையிலயும் கொஞ்சம் சிமெண்ட்டு கலவை வெச்சு ஒட்டிடுங்க, சுவர் நகந்தா கண்ணாடி பட்டுன்னு வெடிச்சிடும். பழைய காலத்து ஆளுங்க பண்ணது, இப்பவும் நல்லா வேலை செய்யுது. ஒரு வெயில் காலம், ஒரு மழைக்காலம் ரெண்டையும் பாத்தாத்தான் முழுசா தெரியும்.

மொத்தத்துல கேள்வி ரெண்டுதான். வெடிச்சது பாரம் தாங்கற உறுப்பா? இன்னும் நகந்துகிட்டு இருக்கா? இதுல ஒண்ணுக்கு ஆமான்னு பதில் வந்தாலே பெரும்பாலும் மேஸ்திரியோட வேலை அங்க நின்னு போச்சு. ஒரு விஷயம், பில்லர் பீம் போட்டு கட்டின வீட்டுல பாரம் பில்லர் வழியா போகும், நடுவுல இருக்கற செங்கல் சுவர் வெறும் தடுப்பு. ஆனா மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், பழைய பட்டணம் பக்கம் எல்லாம் இருக்கற பழைய வீடுங்கள்ல பெரும்பாலும் பில்லரே கிடையாது, 9 இன்ச் 14 இன்ச் சுவர்தான் தளத்தை தாங்கிட்டு நிக்கும், அங்க சுவர் விரிசல்னாலே பாரம் தாங்கற உறுப்புல விரிசல்னு எடுத்துக்கணும்.

அறிகுறி: பூச்சு மேல வலை வலையா பொடி விரிசல்

இன்ஜினியரை கூப்பிட வேண்டாம். சிமெண்ட்டு அதிகமா போட்டு பூசினா, இல்ல பூசிட்டு ஒழுங்கா தண்ணி அடிக்கலன்னா காயும்போது பூச்சு சுருங்கி இப்படி வரும். தட்டிப் பாருங்க, டொக்கு டொக்குன்னு காலி சத்தம் வந்தா அந்த எடத்தை மட்டும் கொத்திட்டு பூசிக்கலாம். ஒயரிங் பைப்புக்கு சுவத்தை வெட்டின எடத்துல நேர்கோடா வர்ற விரிசலும் இதே கணக்குதான்.

அறிகுறி: பில்லரும் சுவரும் சேர்ற எடத்துல நேரா ஒரு கோடு, இல்ல மேல் மாடியில தளத்துக்கு கீழ படுக்கையா ஒரு கோடு

பத்துக்கு ஒம்போது வீட்ல இது ஆபத்து இல்லாத விரிசல். கான்கிரீட்டும் செங்கலும் வெயில்ல ஒரே அளவுக்கு விரியாது, சேர்ற எடத்துல கோழிவலை அடிச்சு பூசியிருந்தா கொஞ்சம் தாங்கும், பெரும்பாலும் அடிக்கறதில்ல. மொட்டைமாடி தளம் அக்னி நட்சத்திர வெயில்ல நாளெல்லாம் விரிஞ்சு ராத்திரி சுருங்கும், கீழ இருக்கற சுவர் அப்படியே நிக்கும், அதான் தளத்துக்கு கீழ ஒரு படுக்கைக் கோடு. மேல் மாடியில மட்டும் இருந்து கீழ் வீட்ல இல்லன்னா பெரும்பாலும் வெயில்தான் காரணம், மாடியில வெள்ளை டைல்ஸோ கூல் ரூஃப் பெயிண்ட்டோ போட்டா குறையும்.

எப்ப கூப்பிடணும்னா, கோட்டுக்கு மேல இருக்கற பாகம் கீழ இருக்கறதை விட்டு வெளிய துருத்திகிட்டு இருந்தா. விரலை வெச்சு தடவினா ஒரு படி மாதிரி தட்டுப்படும். அப்ப தளம் சுவரை தள்ளிகிட்டு இருக்கு.

அறிகுறி: ஜன்னல் மூலையில இருந்து சாய்வா, செங்கல் வரிசையில படிப்படியா ஏறற விரிசல்

இதுக்கு கொஞ்சம் நின்னு பேசணும், ஏன்னா நம்ம பக்கத்துல மண்ணு எடத்துக்கு எடம் மாறும். கேப்பர் மலை பக்கம் செம்மண் மேடு, கடலூர் மணற்கல்லுன்னு புவியியல் புஸ்தகத்துலயே பேர் உண்டு, அங்க கடக்கால் பிரச்சினை கம்மி. தேவனாம்பட்டினம் பக்கம் கடற்கரை மணல். கெடிலம், பெண்ணையாத்து ஓரம் ஆத்து வண்டல். பாகூர் பக்கம் நெல்லு வெளையற களிமண், இந்த களிமண் மழையில ஊதும் கோடையில சுருங்கும், சன்னமா போட்ட கடக்கால் அதோட சேந்து ஏறி எறங்கும். இதெல்லாத்தையும் விட மோசம் எதுன்னா தாழ்வான எடத்தையும் குட்டையையும் வயலையும் மண்ணடிச்சு மேடாக்கி பிளாட்டு போட்டது, பாண்டியை சுத்தி கடந்த இருபது முப்பது வருஷத்துல நெறைய நடந்திருக்கு, அடிச்ச மண்ணை ரோலர் விட்டு தட்டாம அது மேலயே கடக்கால் போட்டுட்டா வீடு ஒரு பக்கமா எறங்கும்.

விரிசலைப் படிக்கறது எப்படின்னா, மேல அகலமா கீழ சன்னமா இருந்தா பெரும்பாலும் வீட்டோட ஒரு ஓரம் எறங்குது, கீழ அகலமா மேல சன்னமா இருந்தா நடுப்பாகம் எறங்குது. இது தோராயமான கணக்குதான், ஆனா இன்ஜினியர் வந்ததும் முதல்ல இதைத்தான் பாப்பாரு, அதனாலதான் பட்டி அடிக்காதீங்கன்னு சொல்றேன்.

இன்ஜினியரை கூப்பிட வேண்டிய நேரம்: அகலம் 5 மில்லிமீட்டரை தொட்டா, இல்ல அகலம் கம்மியா இருந்தாலும் கண்ணாடித் துண்டு வெடிச்சா, இல்ல ஒரே பக்கத்துல தரை டைல்ஸும் சேந்து எறங்கினா, இல்ல பக்கத்து மனையில குழி தோண்ட ஆரம்பிச்ச பிறகு புதுசா வந்திருந்தா. கடைசியா சொன்னது ரொம்ப அவசரம். நம்ம ஊர்ல மனை எல்லாம் ஒட்டி ஒட்டி இருக்கு, பக்கத்து வீட்டுக்காரர் செப்டிக் டேங்குக்கோ சம்ப்புக்கோ உங்க கடக்கால் ஆழத்துக்கும் கீழ தோண்டினா உங்க கடக்காலுக்கு அடியில இருக்கற மண்ணு அந்தக் குழிக்குள்ள சரியும். "அண்ணே, ரெண்டு நாளு பொறுத்துக்கோங்க, மூடிடறோம்"னு சொல்லுவாங்க. அன்னைக்கே வேலையை நிறுத்த சொல்லி, குழி ஓரத்துக்கு முட்டு குடுக்க வெச்சு, இன்ஜினியரை கூட்டிட்டு வாங்க, சண்டை பிறகு போட்டுக்கலாம்.

2024ல ஃபெஞ்சல் புயலப்ப பாண்டியில ஒரே நாள்ல 48 சென்டிமீட்டர் கிட்ட கொட்டுச்சு, அடுத்தாப்புல சாத்தனூர் அணை தண்ணியை தெறந்துவிட்டு பெண்ணையாத்துல வெள்ளம், கடலூர் பக்கமும் முழுகுச்சு. அந்த மாதிரி வெள்ளம் வடிஞ்ச பிறகு வீட்டை சுத்தி ஒரு தடவை நடந்து பாருங்க, பேஸ்மெண்ட்டு ஓரமா மண்ணு அரிச்சு ஓட்டை விழுந்திருக்கா, கடக்கால் கல்லு வெளிய தெரியுதா. தெரிஞ்சா மண்ணை அள்ளிப்போட்டு மூடிட்டு விட்டுடாதீங்க, உள்ள எவ்ளோ தூரம் அரிச்சிருக்குன்னு ஆள் வந்து பாக்கணும். செப்டிக் டேங்க், டிரெயினேஜ் பைப்பு கசிஞ்சு மண்ணு எளகறதும் இதே வகைதான், பிளம்பரை வெச்சு கசிவை நிறுத்தினதும் விரிசல் நின்னு போற கேஸும் உண்டு, அப்படி நின்னா செலவு மிச்சம்.

அறிகுறி: சீலிங் பூச்சு பேந்து விழுது, கம்பி தெரியுது, துரு கறை ஓடுது

கடலோர வீடுன்னா இதுதான் பெரிய வியாதி. கம்பி துருப்பிடிச்சா அந்த துரு பழைய கம்பியை விட ரெண்டுல இருந்து ஆறு மடங்கு வரைக்கும் எடம் அடைக்கும், உள்ள இருந்து கான்கிரீட்டை தள்ளி வெடிக்க வைக்கும். முதல்ல கம்பி ஓடற கோட்டுலயே நேரா ஒரு விரிசல், அப்புறம் பழுப்பு கறை, அப்புறம் ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டு மேசை மேல ஒரு பத்தை விழும்.

நம்ம ஊர்ல இது ஏன் அதிகம்னா காரணம் மூணு. கம்பிக்கும் வெளிய இருக்கற காத்துக்கும் நடுவுல கான்கிரீட் கனம் போதல, இதைத்தான் கவர்னு சொல்றாங்க, ஐஎஸ் 456ன்னு கான்கிரீட்டுக்கு இருக்கற இந்திய கோட் (தர விதி) கடலோர காத்துல நிக்கற கான்கிரீட்டுக்கு 45 மில்லிமீட்டர் கவரும் எம் 30ங்கற தெம்பு உள்ள கான்கிரீட்டும் கேக்குது, சாதாரண வீட்ல பழைய ஸ்லாப்பு எதையாவது ஒடைச்சுப் பாத்தா 15, 20 கூட இருக்காது, கவர் பிளாக்குக்கு பதிலா ஜல்லிக்கல்லை கம்பிக்கு அடியில சொருகி வெச்சிருப்பாங்க. ரெண்டாவது தண்ணி. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல குளோரைடு இருக்கற தண்ணியை சேக்கக் கூடாதுன்னு அதே கோட் சொல்லுது, கடலோரத்துல நெறைய போர் தண்ணி வாயில வெச்சாலே கரிக்கும், அதையே கலவைக்கும் ஊத்தி கியூரிங்குக்கும் அடிச்சிருப்பாங்க. மூணாவது மொட்டைமாடியில தண்ணி தேங்கி ஊறறது.

மேஸ்திரி என்ன பண்ணுவாருன்னா தொங்கற பூச்சை தட்டிட்டு கம்பியை வயர் பிரஷ்ல தேச்சு ஏதோ ஒரு கெமிக்கல் அடிச்சு கலவையை அப்பிடுவாரு. சின்ன எடம், கம்பி தேயல, ஈரம் எங்கருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சு அதை நிறுத்தியாச்சுன்னா இது போதும். உப்பால வந்த துருன்னா போதாது, பேட்ச் போட்ட எடம் நல்லா இருக்கும், அதுக்கு ஒட்டினாப்புல பக்கத்து கம்பி முன்னை விட வேகமா துருப்பிடிக்கும், ஏன்னா புது கலவைக்குள்ள இருக்கற கம்பியும் உப்பு கலந்த பழைய கான்கிரீட்டுல இருக்கற கம்பியும் பேட்டரி மாதிரி மின்வேதியல் ஜோடியா மாறிடும். ரெண்டு மூணு வருஷத்துல பேட்ச்சை சுத்தி வட்டமா திரும்ப வெடிக்கும்.

கம்பி தேய்மானத்தை நீங்களே அளக்கலாம், வெர்னியர் இருந்தா. 10 எம்எம் கம்பி 8க்கு வந்திருந்தா அஞ்சுல ஒரு பங்கு தேஞ்சுதுன்னு நெனைப்பீங்க, ஆனா குறுக்குவெட்டு பரப்பு 36 சதவீதம் போயிருக்கும், தெம்பும் அந்த அளவுக்கு போச்சு. இப்படி தேஞ்ச கம்பி நாலஞ்சு எடத்துல தெரிஞ்சாலோ, ஒரே ரூம்ல நெறைய எடத்துல தட்டினா காலி சத்தம் வந்தாலோ, பீம் பில்லர்ல துரு விரிசல் வந்தாலோ இன்ஜினியர் இல்லாம கை வைக்காதீங்க.

அவர் வந்தா சும்மா பாத்துட்டு போக மாட்டாரு, டெஸ்ட் எழுதுவாரு. கான்கிரீட்டை கொஞ்சம் உடைச்சு பினாப்தலீன் தெளிச்சுப் பாப்பாங்க, ஸ்கூல் லேப்ல பாத்திருப்பீங்களே அதேதான், ரோஸ் கலர் வந்தா கான்கிரீட்ல கார சத்து இன்னும் இருக்கு, கலர் வரலன்னா காத்துல இருக்கற கரியமில வாயு உள்ள வரைக்கும் போய், கம்பியை துருவுல இருந்து காக்கற அந்த கார சத்து போயிடுச்சு. ரோஸ் கலர் நல்லா வருது ஆனா கம்பி துருவா இருக்குன்னா அப்ப சந்தேகம் உப்பு மேலதான், அதுக்கு கான்கிரீட் தூளை எடுத்து லேப்ல குளோரைடு பாக்கணும். ரீபவுண்ட் ஹேமர் (சுத்தியல் மாதிரி தட்டிப் பாக்கறது), அல்ட்ராசானிக் (ஒலி அலை விட்டுப் பாக்கறது), ஹாஃப் செல் (கம்பியோட மின்னழுத்தம் அளக்கறது)னு இன்னும் இருக்கு, ஹாஃப் செல்ல மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்கு கீழ போனா அங்க துரு ஓடிகிட்டு இருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம்னு எடுத்துப்பாங்க. ரீபவுண்ட் ஹேமர் ஒண்ணை மட்டும் தட்டிட்டு "கான்கிரீட் நல்லா இருக்கு"ன்னு சொல்றவரை நம்பாதீங்க, அது மேல்பரப்பு கடினத்தைத்தான் சொல்லும், காத்துல இறுகின பழைய கான்கிரீட்டுல பெரும்பாலும் கூடுதலாத்தான் காட்டும்.

இந்த டெஸ்ட்டு முடிவை வெச்சுதான் பொடி ஜல்லி போட்ட மைக்ரோ கான்கிரீட்டா, பழைய உறுப்பை சுத்தி கம்பி சேத்து புது கான்கிரீட் போடற ஜாக்கெட்டிங்கா, இல்ல ஸ்லாப்பையே ஒடைச்சு மாத்தறதான்னு முடிவு வரும். இந்தத் தொழில்ல இருக்கற சில பேர் ஸ்லாப்பு மேல வாட்டர் ப்ரூஃபிங் அடிச்சா சரியாயிடும்னு வித்துடுவாங்க, தண்ணி உள்ள வர்றது நிக்கும், உள்ள ஏற்கனவே இருக்கற உப்பு எங்கயும் போகாது.

அறிகுறி: பீம்லயோ பில்லர்லயோ விரிசல்

இங்க கண்ணாடித் துண்டு வெச்சு காத்துகிட்டு இருக்கறது கிடையாது. பீம் பில்லர்ல உக்கார்ற எடத்துக்கு பக்கத்துல சாய்வா வர்ற விரிசல், பில்லர்ல குறுக்கயோ சாய்வாவோ வெடிச்சு கான்கிரீட் நசுங்கி உதிர்றது, பில்லர் கம்பி வெளிய வளைஞ்சு தெரியறது, இது எதைப் பாத்தாலும் அந்த பாகத்துக்கு மேலயும் கீழயும் இருக்கற ஆளுங்களை வெளிய அனுப்பிட்டு அன்னைக்கே போன் போடுங்க. இந்த மாதிரி உடையறது சொல்லிட்டு உடையாது. பீமோட நடுவுல அடியில சன்னமா செங்குத்தா வர்ற பொடி விரிசல் வேற, ஈரமும் உப்புக்காத்தும் படாத எடத்துல அது 0.3 மில்லிமீட்டர் வரைக்கும் கோட்லயே ஒத்துக்கிட்டது, அதுக்காக பதறாதீங்க, ஆனா அகலமாச்சுன்னா காட்டுங்க.

இன்ஜினியர் வர்ற வரைக்கும் ஜாக்கி முட்டு குடுக்கறது நல்லது. ஆனா சென்ட்ரிங் ஆளுங்க ஒரு தப்பு பண்ணுவாங்க, மாடி பீமுக்கு முட்டு குடுக்கறேன்னு மாடித் தரையில வெச்சு நிறுத்திடுவாங்க, அப்ப அந்த பாரம் முழுக்க கீழ ஸ்லாப்பு மேல போகும். மாடியில எங்க முட்டு நிக்குதோ அதுக்கு நேர் கீழயும் முட்டு வரணும், தரை வரைக்கும், அடியில பலகை போட்டு. ஜாக்கியை திருகி பீமை தூக்கப் பாக்காதீங்க, தொட்டு நின்னா போதும்.

அறிகுறி: ஸ்லாப்பு தொங்கற மாதிரி இருக்கு, பால்கனி சன்ஷேடு தலை சாஞ்சிருக்கு

ஸ்லாப்புக்கு ஒரு நூலை இந்த சுவத்துல இருந்து அந்த சுவருக்கு இழுத்துக் கட்டி நடுவுல எவ்ளோ எறங்கியிருக்குன்னு அளக்கலாம். 12 அடி ரூமுக்கு 15 மில்லிமீட்டர் வரைக்கும் கோட் கணக்குல அடங்கும். சில சமயம் கட்டும்போதே சென்ட்ரிங் எறங்கி அப்படியே காஞ்சிருக்கும், அது அப்படியே நிக்கும். வருஷா வருஷம் கூடுதா இல்லையாங்கறதுதான் முக்கியம்.

பால்கனி, சன்ஷேடு கதை வேற. ஒரு பக்கம் மட்டும் பிடிமானம் இருக்கறதால கம்பி மேல் பக்கம் இருக்கணும், கான்கிரீட் போடும்போது ஆளுங்க அது மேலயே ஏறி மிதிச்சு கம்பியை கீழ எறக்கிடுவாங்க, அப்ப கம்பி இருந்தும் இல்லாத கணக்குதான். அதனால பால்கனியை எப்பவும் மேல இருந்து பாருங்க, சுவரை ஒட்டி நீளமா ஒரு விரிசல் இருந்தா அதுக்கு கீழ யாரும் நிக்க வேண்டாம், மேல தொட்டி, துணி ஊறவெச்ச அண்டா எல்லாத்தையும் எடுத்துடுங்க, இன்ஜினியர் வந்து பாக்கற வரைக்கும் பூட்டு. கீழ் பக்கம் பூச்சு நல்லா இருக்குன்னு ஏமாறாதீங்க.

அறிகுறி: கதவு சாத்த முடியல

மழைக்காலத்துல மரம் ஊதும், எல்லா வீட்லயும் நடக்கும், தச்சரை கூப்பிட்டு எழைச்சுக்கோங்க. பங்குனி சித்திரையிலயும் பிடிக்குதுன்னா நிலையோட ரெண்டு மூலைவிட்டத்தையும் டேப்ல அளங்க, வித்தியாசம் வந்தா, அதுவும் முன்னாடி இல்லாம இப்ப வந்தா, மேல சொன்ன சாய்வு விரிசலையும் சேத்து தேடுங்க.

பாண்டி டவுன் பழைய வீடுங்களுக்கு தனியா

பிரெஞ்சு தெருவுலயும் தமிழர் தெருவுலயும் இருக்கற நூறு வருஷத்து வீடுங்களுக்கு மேல சொன்னது பாதி பொருந்தாது. சுவர் செங்கலும் சுண்ணாம்பும், மேல தேக்கு உத்தரம் போட்டு அது மேல சின்ன செங்கலை நட்டுக்க வெச்சு அடுக்கின மெட்ராஸ் டெரஸ். அங்க கம்பியே கிடையாது, துரு பேச்சே இல்ல. வியாதி எங்கன்னா உத்தரம் சுவருக்குள்ள போற முனையில, வெளிய பாத்தா மரம் பளபளன்னு இருக்கும், சுவருக்குள்ள கரையானும் ஈரமும் தின்னு மாவாக்கியிருக்கும். ஒரு ஸ்க்ரூடிரைவரை அந்த எடத்துல குத்திப் பாருங்க, வெண்ணெய்ல எறங்கற மாதிரி எறங்கினா ஆள் தேவை.

சுண்ணாம்பு சுவர் மேல சிமெண்ட்டு பூச்சு அடிக்கறது இந்த வீடுங்களுக்கு பண்ற பெரிய துரோகம், ஈரம் வெளிய போக வழியில்லாம உள்ளயே நிக்கும், சுவர் உள்ளுக்குள்ள கரையும். 2014 நவம்பர் மழையில கடற்கரை சாலையில மேரி கட்டடம் இடிஞ்சு விழுந்ததை பாண்டியில மறந்தவங்க இருக்க மாட்டாங்க, பத்தொம்பதாம் நூற்றாண்டு கட்டடம், பிறகு அதே சாயல்ல புதுசா கட்டி 2021ல தெறந்தாங்க. பழைய கட்டடம்னா பல வருஷம் ஒண்ணும் ஆகாம நின்னுட்டு ஒரு மழையில போகும். இந்த மாதிரி வீட்டுக்கு ஆள் தேடும்போது கான்கிரீட் மட்டும் தெரிஞ்சவரை கூப்பிட்டா "இடிச்சுட்டு புதுசா கட்டுங்க"ன்னுதான் சொல்லுவாரு, சுண்ணாம்பு வேலை, மர உத்தரம் பாத்த அனுபவம் இருக்கான்னு கேட்டு கூப்பிடுங்க.

அறிகுறி ஒண்ணுமே இல்ல, ஆனா வேலை பண்ணப் போறேன்

இதுதான் ஜனங்க கூப்பிடாம விடற எடம். ஹாலை பெருசாக்க நடு சுவரை எடுக்கறது, மாடி மேல மாடி, பெரிய தண்ணி டேங்க், லிஃப்ட், பில்லர்லயும் பீம்லயும் பைப்பு போக ஓட்டை போடறது. கொஞ்சம் கணக்கு சொல்றேன். 9 இன்ச் சுவர் 10 அடி உயரத்துக்கு ஒரு அடி நீளம் 400 கிலோ வரும், 10 அடி நீளம் 4 டன், அதை கீழ பீம் இல்லாத எடத்துல மாடியில எழுப்பினா ஸ்லாப்பு மேல 4 டன் உக்காருது. 2000 லிட்டர் டேங்க் தண்ணியே 2 டன். 1000 சதுர அடி மாடி போட்டா 5 இன்ச் தளம் மட்டும் 30 டன் கிட்ட, சுவர் பீம் தரை சாமான் ஆளுங்க எல்லாம் சேத்தா 90, 100 டன் கடக்கால் மேல எறங்கும். "பில்லர் போட்டாச்சு, எத்தனை மாடி வேணா ஏத்தலாம்"னு சொல்ற மேஸ்திரிகிட்ட அந்த பில்லர்ல எத்தனை கம்பி, பில்லருக்கு அடியில மண்ணுக்குள்ள இருக்கற ஃபுட்டிங் சைஸு என்ன, ஆழம் எவ்ளோன்னு கேளுங்க. டிராயிங் இருந்தா சொல்லுவாரு. இல்லன்னா குழி தோண்டி ஃபுட்டிங்கை திறந்து பாத்து, ஸ்கேனர் வெச்சு கம்பி எண்ணி, அப்புறம்தான் கணக்கு போட முடியும், அது இன்ஜினியர் வேலை. அப்ரூவலுக்கும் எப்படியும் கையெழுத்து வேணும், பாண்டின்னா பிளானிங் அத்தாரிட்டி, கடலூர்னா மாநகராட்சி.

மொட்டைமாடியில தகர ஷீட்டு கூரையும் சோலார் பேனலும் வேற மாதிரி. எடை கம்மி, ஆனா காத்து அதை மேல தூக்கும். 2011 டிசம்பர் 30ல தானே புயல் இங்கதான் கரையேறுச்சு, கூரை பறந்ததை பாத்தவங்களுக்கு சொல்லத் தேவையில்ல. கைப்பிடிச்சுவத்துல ரெண்டு போல்ட்டு அடிச்சு நிறுத்தினது புயலுக்கு நிக்காது, ஆங்கர் போல்ட்டை (கான்கிரீட்டுக்குள்ள எறக்கி பிடிக்கற போல்ட்டு) எங்க எவ்ளோ ஆழம் போடணும்னு இன்ஜினியரை கேட்டு எழுதி வாங்கிக்கோங்க.

பழைய வீடு வாங்கப் போறீங்கன்னா, அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை கூட்டிட்டு போங்க. புதுசா பெயிண்ட்டு அடிச்ச சீலிங் ஒரு ரூம்ல மட்டும் இருந்தா அந்த ரூமை முதல்ல தட்டிப் பாக்க சொல்லுங்க.

யாரை கூப்பிடறது

பி.இ. சிவில் முடிச்சவங்க எல்லாரும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் இல்ல, எம்.இ. ஸ்ட்ரக்சுரல் படிச்சு டிசைன்லயே இருக்கறவங்க வேணும், அதுலயும் ரிப்பேர் வேலை பாத்த அனுபவம் தனி. ஆர்க்கிடெக்ட், பில்டர் கிட்ட போன் நம்பர் கேக்கலாம், ஆனா அவங்களையே பாக்க சொல்லாதீங்க. டெஸ்ட்டுக்கு சிவில் டிபார்ட்மெண்ட்டும் லேப்பும் இருக்கற இன்ஜினியரிங் காலேஜுங்கள்ல விசாரிச்சுப் பாருங்க, சிதம்பரத்துல அண்ணாமலை யுனிவர்சிட்டி, காலாப்பட்டு பக்கம் புதுச்சேரி டெக்னாலஜிகல் யுனிவர்சிட்டி ரெண்டும் நமக்கு பக்கம்தான்.

ஒரு விஷயத்துல மட்டும் கறாரா இருங்க, வியாதியை சொல்றவரும் மருந்தை விக்கறவரும் ஒரே ஆளா இருக்கக் கூடாது. இலவசமா இன்ஸ்பெக்ஷன் பண்றோம்னு வர்ற கெமிக்கல் கம்பெனி ஆளு எந்த வீட்டைப் பாத்தாலும் அவர் கெமிக்கல்தான் தீர்வுன்னு சொல்லுவாரு. ஃபீஸ் வாங்கிட்டு "ஒண்ணும் பண்ணத் தேவையில்ல"ன்னு சொல்லிட்டு போகக்கூடிய ஆளாப் பாருங்க.

கூப்பிடும்போது வீட்டு வயசு, பழைய பிளான் இருந்தா அது, தேதி போட்ட போட்டோ, பென்சில் கோடு, எந்த மழைக்குப் பிறகு வந்துச்சு, எல்லாத்தையும் எடுத்து வெச்சுக்கோங்க, அவருக்கு பாதி நேரம் மிச்சம். வாய்வார்த்தையா கேட்டுட்டு விடாதீங்க, கையெழுத்து போட்ட ரிப்போர்ட்டு வேணும், அதுல காரணம் என்ன, எந்த உறுப்பு, என்ன டெஸ்ட்டு பண்ணாங்க, ரிப்பேருக்கு டிராயிங், எந்த கலவை எவ்ளோ கனம், முட்டு எங்க குடுக்கணும் எப்ப எடுக்கணும்னு எழுதியிருக்கணும். அந்த பேப்பர்ல ஒரு காப்பி எடுத்து மேஸ்திரி கையில குடுத்துட்டு, கம்பியை சுத்தம் பண்ணி முடிச்சதும் கலவை போடறதுக்கு முன்னாடி இன்ஜினியரை ஒரு தடவை வரவெச்சு காட்டுங்க, அந்த விசிட்டையும் சேத்துத்தான் முதல்லயே ஃபீஸ் பேசணும்.